பருப்பு வேகாத தண்ணீர்

“இது என்னத்த ஜாமு புள்ள? மாவு போட்டு இறுக வச்ச பாகு.”

உம்மா இதைச் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. சண்டைக் குரலில்கூடச் சொல்லவில்லை. ரொட்டித் துண்டில் தடவி ஒரு கடி கடித்தாள், மென்றாள், மொட்டைமாடியில் காய்கிற மோர் மிளகாயைத் திருப்பிவிடப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். இனிப்பு தூக்கல், புளிப்பு பத்தாது என்று குறை சொல்லியிருந்தால் அடுத்த தடவை சரிசெய்திருப்பேன். ஜாமே இல்லை என்றால் எதைச் சரிசெய்வது? கரண்டியைச் சாய்த்தால் ஒரு கணம் தயங்கி, அப்புறம் தொப்பென்று விழுகிற பதத்தில் வந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சாயங்கால வெயில் நிறம். அதைப் போய்ப் பாகு என்றுவிட்டாள். அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை பெக்டின் டப்பாவை, அதுதான் ஜாமை இறுக்கப் போடுகிற பவுடர், திறக்கும்போதும் அந்த வாக்கியம் காதோரம் வந்து நிற்கும். நான் செய்வது சமையலா, ஏமாற்று வேலையா என்று எனக்கே ஒரு சந்தேகம்.

இதெல்லாம் ஆரம்பித்தது கொல்லையில் நிற்கிற பப்பாளியால். கீழக்கரையில் வீட்டு மண்ணில் எதுவும் லேசில் வராது. ஆனால் அரிசி களைந்த தண்ணீர் போகிற ஓரத்தில் தானாக முளைத்த ஒரு பப்பாளி, நாங்கள் யாரும் கேட்காமலே காய்த்துத் தள்ளியது. ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பழம் பழுக்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து, கடைசியில் பப்பாளியோடு தெருவில் வந்தாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்ற நிலைமை. துபாயிலிருந்து காக்கா, அதாவது என் அண்ணன், வரும்போதெல்லாம் கொண்டுவந்த காப்பித்தூள் பாட்டில்கள் வேறு அலமாரி நிறையக் காலியாகக் கிடந்தன. சரி, ஜாம் போட்டுவிடலாம் என்று தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தொதல் பதம்

உம்மாவின் வார்த்தை ஏன் அப்படி வந்தது என்று புரிய அவள் தொதல் கிண்டுவதைப் பார்த்திருக்க வேண்டும். பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் பெரிய சட்டியில் ஏற்றிவிட்டால் மணிக்கணக்கில் கை ஓயாது. முதலில் கஞ்சி, அப்புறம் களி, அதற்கப்புறம் எண்ணெய் பிரிந்து சட்டியை விட்டு ஒரே உருண்டையாகச் சுழன்று வரும். விரலில் தொட்டால் ஒட்டக் கூடாது. அந்தக் கடைசி அரைமணி நேரத்தில் யாரிடமும் கரண்டியைக் கொடுக்கமாட்டாள். ஒரு பண்டம் இறுகுவது என்றால் அவள் கணக்கில் தண்ணீர் வற்ற வேண்டும், கை வலிக்க வேண்டும், நேரம் போக வேண்டும். அதற்குப் பேர்தான் பக்குவம்.

முதல் பப்பாளி ஜாமை அவள்தான் கிண்டினாள், தொதல் மாதிரியே. இரண்டு மணி நேரம். கடைசியில் கிடைத்தது கறுத்த ஒரு அல்வா. ருசி இல்லை என்று சொல்லமாட்டேன், பப்பாளியின் வாசம் மட்டும் இல்லை. பழத்தை நெடுநேரம் கொதிக்கவிட்டால் சர்க்கரை கருகுவது ஒரு பக்கம், பழத்தில் இயல்பாக இருக்கிற பெக்டினும் உடைந்துபோகும். இறுக்க வேண்டிய பொருளை நாமே அடுப்பில் வைத்துச் சிதைக்கிறோம், பிறகு இறுகவில்லையே என்று இன்னும் கொதிக்கவைக்கிறோம்.

பவுடரை வாங்கியது இதனால்தான். தபாலில் வந்த நூறு கிராம் டப்பா. பார்த்தால் மரவள்ளி மாவு மாதிரி, வெளிர் பழுப்பு. உம்மா அதை மாவு என்று சொன்னதில் தப்பில்லை.

ஆனால் பவுடர் போட்டால் தானாக இறுகிவிடும் என்று நான் நினைத்ததுதான் தப்பு. ஒரு கிலோ பப்பாளி விழுது, முக்கால் கிலோ சர்க்கரை, ஆறு கிராம் பெக்டின். முதல் தடவை கொதிக்கிற விழுதில் பவுடரை அப்படியே கொட்டினேன். மேலே தோல் போர்த்தி உள்ளே மாவாக இருக்கிற கட்டிகள், மீன் முட்டை போல மிதந்தன. பத்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து தூவ வேண்டும் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை கட்டி தட்டவில்லை, இறுகவும் இல்லை. இன்னும் மூன்று கிராம் போட்டேன். காலையில் பார்த்தால் பாட்டிலில் அதே பாகு. பப்பாளிக்குப் புளிப்பே கிடையாது, பெக்டினுக்குப் புளிப்பு இல்லாமல் ஆகாது. பெக்டின் இழைகள் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புளிப்பு அந்த விலக்கத்தைத் தணிக்கிறது, சர்க்கரை நடுவில் நிற்கும் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது, அப்போதுதான் இழைகள் கைகோக்கும். நாலு எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கிய மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்தது. அந்த மூன்றாவது தடவையைத்தான் உம்மா ஒரு கடி கடித்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் ஊர் எனக்கு உதவியது. ஜாம் 105 டிகிரியில் பதம் வரும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது கடல்மட்டத்துக்கான கணக்கு. கொடைக்கானலில் தண்ணீரே 93 டிகிரி சுமாரில் கொதித்துவிடும், அங்கே போய் 105-க்குக் காத்திருந்தால் சட்டி கருகும். எங்கள் வீட்டு வாசலில் இருந்து நடந்தால் பத்து நிமிஷத்தில் கடல், கணக்கில் கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம். அதே கடற்காற்றுதான் பாட்டில் மூடிகளை மூன்று மாதத்தில் துருப்பிடிக்க வைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலில் கிடக்கிற பாசி

பதில் சொல்ல எனக்கு ஒரு நோன்பு மாதம் வாய்த்தது. நோன்பு திறக்க எங்கள் வீட்டில் கஞ்சியோடு கடல்பாசி இல்லாமல் இருக்காது. வைக்கோல் மாதிரி இருக்கிற அந்தக் கீற்றுகளை ஊறவைத்து, தண்ணீரில் கரையக் கொதிக்கவிட்டு, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தால் நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்துக்குள் துண்டு போடலாம். பத்து நிமிஷ வேலை. கை வலிக்காது. உம்மா கத்தியால் சாய்சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “இது மட்டும் எப்படிமா? இதையும் ஒரு சாமான் போட்டுத்தானே இறுக வக்கிறீங்க?”

உம்மா நிமிரவே இல்லை. “பாசி கடல்ல கெடக்கு. ஒன் பவுடரு எங்கன கெடக்கு?”

ஆரஞ்சுத் தோலிலும் ஆப்பிள் சக்கையிலும் இருந்து எடுக்கிறார்கள் என்றேன். “தோலா?” என்று கேட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த நியாயம். ஏர்வாடிப் பக்கமும் பாம்பன் பக்கமும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முங்கி முங்கிப் பாசி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கிற பாசிக்குப் பெப்சி பாசி என்றே பேர் விழுந்துவிட்டது, அந்தக் கம்பெனி வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்ததால். உப்பில் ஊறிய விரலும் பாறை கிழித்த காலும் தெரிந்த ஊரில், ஒரு பொருள் எங்கே கிடக்கிறது, யார் கை எடுத்தது என்ற கேள்வி சும்மா வருவதில்லை.

கடைச் சாமான் அட்டைகளைத் திருப்பிப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு அதற்கப்புறம் வந்தது. ஜாம் பாட்டிலில் சேர்மான எண் 440 என்று போட்டிருந்தால் அது பெக்டின். 406 என்றால் அகர், அதாவது மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் போய்ச் சேருகிற இடம். 407 என்றால் காராஜீனன், மிதவையில் வளர்கிற பாசி. 401 என்றால் கட்டக்கோரை மாதிரிப் பாசியிலிருந்து வருகிற ஆல்ஜினேட். ஐஸ்கிரீம் டப்பாவில், சாக்லேட் பாலில், எங்கேயும் இந்த நானூற்றுச் சொச்சம் எண்கள். உலகத்தில் பாதித் தின்பண்டத்தை இறுக்கிப் பிடிக்கிற பொருள்களை எடுத்துக் கொடுக்கிற கரையில் உட்கார்ந்துகொண்டு, பவுடர் போட்டால் ஏமாற்று என்பது எப்படிச் சரி என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். உம்மாவிடம் சொல்லவில்லை. எண்ணைச் சொல்லி அவளிடம் ஜெயிக்க முடியாது.

நடுவில் ஒரு நார்த்தங்காய்க் கூத்தும் நடந்தது. ராத்தா, அதாவது அக்கா, வீட்டிலிருந்து ஒரு பை நிறைய வந்தது. ஊறுகாய் போடாமல், தோலோடு செய்கிற ஜாமான மார்மலேட் போடுகிறேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். தோலை நூலாக அரிந்து, வெள்ளைச் சதையையும் விதையையும் துணியில் முடிந்து சாறோடு வேகவைத்து, கூடவே பழக்கதோஷத்தில் ஆறு கிராம் பெக்டினும் போட்டேன். மறுநாள் பாட்டிலைக் கவிழ்த்தேன், அசையவில்லை. கத்தியை விட்டுத் தோண்டினால் செருப்பு ரப்பர் மாதிரி எகிறி வந்தது. நார்த்தையின் வெள்ளைச் சதையும் விதையும் பெக்டின் சுரங்கம், அதன் மேல் நான் வேறு கொட்டியிருக்கிறேன். அடுத்த தடவை பவுடர் இல்லாமலே அழகாக இறுகியது. “பாத்தியா” என்றாள் உம்மா, அவ்வளவுதான். அது அவளுக்கு வெற்றி. எனக்கோ, தோலுக்குள் இருந்ததும் டப்பாவில் இருந்ததும் ஒரே சாமான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்ற அதே தவிப்பு.

உப்புத் தண்ணி

வாப்பாவுக்குச் சர்க்கரை ஏறியதில் கதை திரும்பியது. சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பட்டியலில் ஜாம் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் வாப்பா காலையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. சர்க்கரையைக் குறைத்தால் என்ன என்று பார்த்தேன். குறைத்தால் என் பெக்டின் வேலை செய்யாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். ஆனால் பெக்டினில் இன்னொரு வகை உண்டு. அதற்குச் சர்க்கரை தேவையில்லை, கால்சியம் போதும். சுண்ணாம்புச் சத்து இரண்டு இழைகளுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டில் விற்கிற ஒருவகைப் பெக்டினோடு கால்சியப் பொடியைச் சின்னப் பொட்டலமாகத் தனியாகவே கொடுக்கிறார்கள். நான் வாங்கியதில் பொட்டலம் இல்லை, பழத்தில் இருக்கிற கால்சியமே போதும் என்று போட்டிருந்தது.

இந்த வகையை முதலில் சூடான தண்ணீரில் கரைத்துக்கொண்டு பழத்தில் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு நல்ல தண்ணிக் குடம் காலி, தண்ணீர் வண்டி வரவில்லை. எங்கள் வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் தெரியும்: கழுவ உப்புத் தண்ணி, வாயில் வைக்க நல்ல தண்ணி. ஒரு டம்ளர்தானே, கொதிக்கத்தானே போகிறது என்று குழாயைத் திறந்து போரிங் தண்ணீரைப் பிடித்தேன். சுடவைத்து, மிக்ஸியில் ஊற்றி, பவுடரைத் தூவி ஓட்டினேன். பிசின் மாதிரிக் குழகுழவென்று வர வேண்டியது, ரவை போட்ட மாதிரித் திரிதிரியாக நின்றது. வடிகட்டிப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். கொட்டிவிட்டுப் புதுசாகக் கரைத்தேன், அதே கதி. மூன்றாவது தடவை பவுடர்தான் மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி, விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மிக்ஸி மூன்றாவது தடவை ஓடி நின்றதும் கேட்டாள்.

“எந்தத் தண்ணியில கரைக்கிற?”

சொன்னேன்.

“உப்புத் தண்ணியில பருப்பே வேகாது. இது எங்கன கரையும்?”

நான் ஏதோ பதில் சொல்லப் போனேன், வாய் வரைக்கும் வந்தது, நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பிறந்த யாருக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. போரிங் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் மூன்று விசில் ஆனாலும் தனித்தனியாகக் கல் மாதிரி நிற்கும். அவசரத்துக்குச் சிட்டிகை ஆப்பச்சோடா போடுவார்கள். ஏன் வேகாது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கிற பசை பெக்டின்தான். வெந்து குழைவது என்றால் அந்தப் பசை கரைந்து செல்கள் பிரிவது. கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் உள்ளே போய் அந்தப் பசையை இறுக்கிக் கட்டிவிடுகிறது, பருப்பு அசைய மாட்டேன் என்கிறது. என் மிக்ஸிக்குள் நடந்ததும் அட்சரம் பிசகாமல் அதேதான். கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு, பவுடர் கரைவதற்குள் அதன் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. முந்தைய வகையைச் சர்க்கரையில் கலந்து நேராகப் பழத்தில் தூவியதால் தண்ணீர் என்ற கேள்வியே எனக்கு அதுவரை வரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கீரை உருவினேன். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று வரிசையாக வந்தது. குழம்பில் காய் வேகும் முன்னால் புளியை ஊற்றினால் எத்தனை தடவை வாங்கிக் கட்டியிருக்கிறேன்: “புளி ஊத்திட்டா காய் வேகாதுடி.” காய் வேகாததும் என் பப்பாளி நாலு எலுமிச்சம்பழத்துக்காகக் காத்திருந்ததும் ஒரே காரணம். புளிப்பு பெக்டினைப் பிரியவிடாது. குழம்பில் அது உபத்திரவம், ஜாமில் அது உபகாரம். 1825-இல் ஆன்றி பிராக்கனோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பொருளுக்கு, உறைவது என்று அர்த்தம் வருகிற கிரேக்கச் சொல்லிலிருந்து பேர் வைத்தார். பேர் வைக்காமல் அதனோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் இவள், பருப்புச் சட்டியில், குழம்புச் சட்டியில், கையில் ஒரு சிட்டிகை சோடாவோடு. நாலு வருஷமாக நான் அவளுக்குப் பெக்டின் என்றால் என்ன என்று விளக்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னேன், அவளுக்குப் புரிகிற மாதிரி, பருப்பை வைத்தே. கேட்டாள். “சரி, நல்ல தண்ணி வாங்கி வச்சிட்டு ஆரம்பி. அறிவு வேணாம்?” என்றாள். நான் எதிர்பார்த்த பாராட்டு இது இல்லை என்றாலும் சமையல் குறிப்பாக இதைவிடச் சரியாக யாரும் எழுதிவிட முடியாது.

மறுநாள் காவிரித் தண்ணீர் வந்தது. அதில் கரைத்தேன், கண்ணாடி மாதிரிக் கரைந்தது. ஒரு கிலோ பப்பாளி, நாலு எலுமிச்சை, இருநூறு கிராம் சர்க்கரை. பத்து கிராம் பவுடர் கரைத்த கரைசல். ஒரு கொதி வந்து ஒரு நிமிஷம், இறக்கிவிட்டேன். குளிர்ந்ததும் மெத்தென்று நின்றது, கடைச் சரக்கின் வழவழப்பு இல்லாமல், சற்றே ஈரமாக. பப்பாளி வாசம் அப்படியே. வாப்பாவுக்கு ஒரு கரண்டி அளவுதான், பழத்திலும் சர்க்கரை இருக்கிறது என்று தினமும் சொல்லித்தான் கொடுக்கிறேன். இது வெளியில் நிற்காது. பூஞ்சையை அண்டவிடாமல் வைப்பது சர்க்கரை, அதைக் குறைத்த பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம், அவ்வளவுதான் அதன் ஆயுள். அதனால் சின்ன பாட்டிலாகப் போடுகிறேன். நிறையப் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அளவை இரட்டிப்பாக்கினால் கொதி வர நேரமாகி, பதமும் கெட்டுப்போகிறது என்பதை ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் அட்டைகளைப் படித்ததில் தெரிந்தது. நம் நாட்டு உணவு விதிப்படி ஜாம் என்று பேர் போட வேண்டுமானால் பழம் 45 சதவீதமாவது இருக்க வேண்டும், கரைந்த திடப்பொருள், பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதமாவது இருக்க வேண்டும். என் பப்பாளியில் பழம் தாராளம், இரண்டாவதில் பாதிகூட வராது. அன்றைக்கு அவள் கடித்த பாட்டில் சட்டப்படி ஜாம்தான், ஆனால் இப்போது நான் போடுகிறது இல்லை. இதை அவளிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்ப ஜாமு இல்லேங்கிற.”

“சட்டப்படி இல்லை.”

“நான் அப்பவே சொல்லலையா?” பாட்டிலைக் கையில் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்தாள். தட்டில் கடல்பாசி ஆடுவது போல ஆடியது. “பப்பாளிப் பாசின்னு எழுது.”

எழுதினேன். இப்போது வாப்பா காலையில் ரொட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார். போன வாரம் ராத்தா போனில், நோன்புக்கு இன்னும் மாசம் இருக்கே, இப்பவே எதுக்குப் பாசி காய்ச்சுறீங்க என்று கேட்டாள்.